வெர்டெக்ஸ்: உச்சி, முனை, கணு

வெர்டெக்ஸ் என்பது இரு கோடுகளோ பல விளிம்புகளோ கூடும் புள்ளியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் ஆகும். ஆங்கிலத்தில் இதன் பன்மை வெர்டிசஸ். முக்கோணத்துக்கு மூன்றும் சதுரத்துக்கு நான்கும் கனசதுரத்துக்கு எட்டும் உண்டு. கணிதத்தில் மட்டுமன்றி உடற்கூற்றியல், மகப்பேறு மருத்துவம், ஒளியியல், வானியல், கணினி வரைகலை, துகள் இயற்பியல் ஆகியவற்றிலும் இச்சொல் வழங்குகிறது. ஆங்கிலத்தில் ஒரே சொல்லாக இருப்பது தமிழில் இடத்துக்கு ஏற்ப உச்சி, முனை, கணு, உச்சந்தலை எனப் பிரிந்து நிற்கிறது.

புதுச்சேரியில் இச்சொல் மூன்று மொழிகளில் படிக்கப்படுகிறது. இங்கும் காரைக்காலிலும் உள்ள பள்ளிகள் நீண்ட காலம் தமிழ்நாட்டுப் பாடநூல்களைப் பின்பற்றின. அவற்றில் 'முக்கோணத்தின் முனைகள்' என்று கற்ற மாணவர், மத்தியப் பாடத்திட்டத்தின் ஆங்கில நூலில் வெர்டெக்ஸ் என்ற சொல்லைச் சந்திக்கிறார். 1826-இல் தொடங்கி இன்றும் நடந்துவரும் பிரெஞ்சு லிசே பள்ளியின் மாணவருக்கு அதே புள்ளி 'சொமே' ஆகிறது. இலங்கைப் பாடநூலை இணையத்தில் திறப்பவர் 'முக்கோணியின் உச்சி' என்று காண்பார். நான்கும் ஒன்றே என்று யாரும் சொல்லித்தராவிட்டால், தெரிந்த பாடமே தெரியாத பாடம்போல் தோன்றிவிடும்.

சொல்லின் வரலாறு

இலத்தீனில் வெர்த்தெரெ என்றால் திரும்புதல், சுழலுதல். அதிலிருந்து பிறந்த வெர்டெக்ஸ் முதலில் நீர்ச்சுழியைக் குறித்தது. பின்னர் தலையில் மயிர் சுழித்து நிற்கும் இடம், அதாவது உச்சந்தலை, என்ற பொருள் வந்தது. அங்கிருந்து எதனுடைய மேல்நுனிக்கும், மலையின் சிகரத்துக்கும் அது பெயராயிற்று. நீர்ச்சுழி என்ற பழம்பொருளை வோர்டெக்ஸ் என்ற இரட்டைப்பிறவிச் சொல் எடுத்துக்கொண்டது.

தமிழர்க்கு இந்தப் பொருள்மாற்றம் புதிதன்று. ஆற்றில் உள்ளதும் சுழி, குழந்தையின் தலையில் உள்ளதும் சுழி. 'இரட்டைச் சுழிக்காரன்' என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வது மயிர்ச்சுழியைப் பார்த்துத்தான். தமிழில் சுழி மேலே ஏறிச் சிகரமாகவில்லை. அந்த வேலையை உச்சி என்ற சொல் செய்தது. உச்சந்தலை, உச்சி வகிடு, உச்சி முகர்தல் என்பன தலையைச் சார்ந்தவை. மலையுச்சி, உச்சிப்பிள்ளையார் என்பன உயரத்தைச் சார்ந்தவை. உச்சிவெயில், உச்சிக்காலப் பூசை என்பன வானத்தைச் சார்ந்தவை.

யூக்ளிடின் கிரேக்க நூலில் இப்புள்ளிக்கு கொருஃபே என்று பெயர். அதற்கும் உச்சந்தலை, சிகரம் என்பதே பொருள். இலத்தீன் மொழிபெயர்ப்பாளர்கள் அதற்கு வெர்டெக்ஸ் என்று எழுதினர். பிரெஞ்சில் சிகரம் என்னும் பொருளுடைய சொமே நின்றது. நாட்டுத் தலைவர்கள் கூடும் உச்சி மாநாட்டிலும் பிரெஞ்சுக்காரர் இதே சொமேயைத்தான் வைத்திருக்கிறார்கள். ஆகவே இலங்கை நூல்களின் 'உச்சி' கிரேக்கம் முதல் பிரெஞ்சு வரை வந்த அதே உருவகத்தைத் தொடர்கிறது. தமிழ்நாட்டு நூல்களின் 'முனை' வேறொரு பார்வையில் பிறந்தது. அது உயரத்தை விட்டுவிட்டுக் கூர்மையைப் பிடிக்கிறது.

தெரு மூலையும் கணித முனையும்

1693 முதல் 1699 வரை புதுச்சேரி டச்சுக்காரர் வசம் இருந்தது. அவர்கள் நகருக்குச் செங்கோணத் தெரு அமைப்பு ஒன்றைத் திட்டமிட்டனர். பின்னர் மீண்டு வந்த பிரெஞ்சுக்காரர் அந்தப் போக்கையே வளர்த்தனர். நேரு வீதியும் மகாத்மா காந்தி வீதியும் வெட்டிக்கொள்ளும் நாற்சந்தியை எடுத்துக்கொள்வோம். மேலிருந்து பார்த்தால் இரு நேர்கோடுகள் ஒரு புள்ளியில் வெட்டுகின்றன. அந்தப் புள்ளியே வெர்டெக்ஸ். அதைச் சுற்றி நான்கு கோணங்கள் உள்ளன. ஒவ்வொரு கோணத்திலும் ஒரு கடையின் மூலை நிற்கிறது.

பேச்சுத் தமிழில் இவ்விடத்துக்குப் பல சொற்கள் இருக்கின்றன: முக்கு, மூலை, தெருமுனை, தெருக்கோடி, சந்தி. இவை ஒன்றுக்கொன்று ஈடானவை அல்ல. மூலை என்பது இரு சுவர்கள் கூடும் உட்புறம். துடைப்பம் எட்டாத இடம், வாஸ்து பார்ப்பவர் ஈசானியம் என்றும் கன்னி என்றும் பெயர் சொல்லும் இடம். முனை என்பது வெளிநோக்கிக் கூர்ந்து நிற்பது. ஊசிக்கும் கத்திக்கும் கடலுக்குள் நீளும் நிலத்துக்கும் முனை உண்டு. கோடி என்பது முடிவு. சந்தி என்பது கூடல். கணிதப் புள்ளிக்கு உள்ளும் இல்லை, வெளியும் இல்லை. அதனால் 'மூலை' என்ற சொல் சிறு வகுப்புகளுக்குப் பயன்பட்டாலும் மேல்வகுப்பில் நிலைக்கவில்லை. 'கோணம்' என்ற சொல்லையும் இங்கே பிரித்து வைக்க வேண்டும். கோண், கோணல் என்னும் சொற்களில் உள்ள வளைவுப் பொருளே கோணத்திலும் உள்ளது. கோணம் என்பது திரும்பலின் அளவு. அது பாகைகளில் சொல்லப்படும். முனை என்பது அந்தத் திரும்பல் நிகழும் இடம். அதற்கு அளவே கிடையாது.

குத்தெதிர்க் கோணத்தின் குழப்பம்

இரு கோடுகள் வெட்டும்போது எதிரெதிரே அமையும் கோணங்கள் சமம். யூக்ளிடின் முதல் நூலில் 15-ஆவது கூற்று இது. தமிழ்ப் பாடநூல்கள் இவற்றைக் குத்தெதிர்க் கோணங்கள் என்கின்றன. குத்து என்றால் செங்குத்து. குத்துக்கோடு என்றால் நிமிர்ந்த கோடு. நேரு வீதி நாற்சந்தியில் எதிரெதிரே உள்ள கோணங்களோ தரையில் படுத்துக் கிடக்கின்றன. அவற்றில் எது குத்து?

குழப்பத்தின் வேர் ஆங்கிலத்தில் உள்ளது. அம்மொழியில் இக்கோணங்களின் பெயரில் உள்ள 'வெர்டிகல்' என்ற சொல் வெர்டெக்ஸிலிருந்து வந்தது. உச்சிக்கு உரியது என்பது அதன் முதற்பொருள். தலைக்கு நேர் மேலே உள்ளது, ஆகவே செங்குத்தானது என்பது பின்னால் வந்த பொருள். கணிதப் பெயரில் முதற்பொருளே இருக்கிறது: உச்சியைப் பொதுவாகக் கொண்டு எதிர்ப்பட்ட கோணங்கள். தமிழ்ப் பெயரில் பிற்பொருள் புகுந்துவிட்டது. ஆங்கிலேய மாணவரும் இதே இடத்தில் தடுமாறுகிறார். லிசே மாணவர்க்கு இச்சிக்கல் இல்லை. 'ஆங்க்ள் ஒப்போசே பார் ல சொமே' என்ற பிரெஞ்சுப் பெயரிலேயே உச்சி வெளிப்படையாக இருக்கிறது. 'உச்சியெதிர்க் கோணங்கள்' என்று தமிழில் சொன்னால் வரையறையே பெயராகிவிடும். தேர்வில் குத்தெதிர் என்றே எழுத வேண்டியிருந்தாலும், மனத்தில் இந்தப் பெயரை வைத்துக்கொள்வது நல்லது. கோடுகள் எப்படிச் சாய்ந்து வெட்டினாலும் தேற்றம் பொருந்தும் என்பது அப்போது மறக்காது.

ஐங்கோணக் கோட்டை

பலகோணத்தின் முனை படையியலில் உயிர்ப் பிரச்சினையாக இருந்தது. புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர் கட்டி 1706-இல் முடித்த லூயி கோட்டை ஐங்கோண வடிவினது. பிரெஞ்சு நாட்டின் வோபான் வகுத்த முறையைத் தழுவி அமைந்தது அது. ஐந்து முனைகளிலும் வெளியே துருத்திக்கொண்டு கொத்தளங்கள் இருந்தன.

காரணம் எளிது. வெறும் ஐங்கோண மதிலின் மேல் நிற்பவருக்கு மதிலின் அடிப்பகுதி தெரியாது. எதிரி சுவரோடு ஒட்டி வந்துவிட்டால் மேலிருந்து சுட முடியாது. முனையில் வட்டக் கோபுரம் கட்டினாலும் அதன் முன்புறத்தில் ஒரு மறைவிடம் மிஞ்சும். கூர்முனையுடைய கொத்தளத்தைக் கட்டினால், ஒரு கொத்தளத்திலிருந்து பார்ப்பவருக்கு அடுத்த மதிலின் முழு நீளமும் பக்கத்துக் கொத்தளத்தின் முகமும் தெரியும். மறைவிடமே இல்லாதபடி கோடுகளை வரைந்து, அந்தக் கோடுகளின் மேல் சுவரை எழுப்பியதே வோபான் காலத்துக் கலை. ஆயினும் 1761-இல் ஆங்கிலேயரிடம் நகர் வீழ்ந்தது. முற்றுகையால் வந்த பஞ்சத்துக்குக் கொத்தளத்தில் மருந்து இல்லை. கோட்டை இடிக்கப்பட்டது. அது நின்ற பகுதியில் இன்று பாரதி பூங்கா இருக்கிறது.

திண்ம உருவங்கள்

1750-இல் லெயோனார்டு ஆய்லர் தம் நண்பர் கோல்ட்பாக்குக்கு எழுதிய மடலில் ஓர் உறவைக் குறிப்பிட்டார். குழிவும் துளையும் இல்லாத, தட்டையான முகங்களால் சூழப்பட்ட திண்மம் ஒன்றில், முனைகளின் எண்ணிக்கையோடு முகங்களின் எண்ணிக்கையைக் கூட்டி விளிம்புகளின் எண்ணிக்கையைக் கழித்தால் எப்போதும் 2 வரும். கனசதுரத்தில் 8 முனைகள், 6 முகங்கள், 12 விளிம்புகள்: 8 + 6 − 12 = 2. லூயி கோட்டையின் தரைவடிவத்தைக் கொத்தளங்களை நீக்கி ஓர் ஐங்கோணப் பட்டகமாக எண்ணினால் 10 + 7 − 15 = 2.

ஆய்லர் முனைகளை வெர்டெக்ஸ் என்று அழைக்கவில்லை. அவருக்கு அவை 'திண்மக் கோணங்கள்'. விளிம்புக்கு அவரே ஒரு சொல் தேட வேண்டியிருந்தது. கத்தியின் கூர்வாய் என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லை எடுத்துக்கொண்டார். பிரெஞ்சில் விளிம்பு 'அரேத்' ஆயிற்று. மீன் முள்ளுக்கும் அதே பெயர்தான்.

துளை இருந்தால் கணக்கு மாறும். நான்கு மரச்சட்டங்களை மூலைகளில் சாய்வாக அறுத்துப் பொருத்திய சன்னல் நிலையை ஒரே திண்மமாகக் கொண்டு எண்ணினால் 16 முனைகள், 16 முகங்கள், 32 விளிம்புகள் கிடைக்கும். விடை 0. நடுவில் உள்ள ஒரு துளை அந்த 2-ஐ விழுங்கிவிட்டது. இடவியல் என்ற கணிதத்துறைக்கு இது ஒரு தொடக்கப்புள்ளி.

தலைகீழான உச்சி

பரவளையத்தில் 'உச்சி' என்ற சொல் சங்கடப்படுகிறது. கிண்ணம்போல் மேல்நோக்கித் திறந்த பரவளையத்தின் வெர்டெக்ஸ் அதன் மிகத் தாழ்ந்த புள்ளி. அதை உச்சி என்றால் மாணவர் மேலே தேடுவார். தமிழ்நாட்டு நூல்கள் இங்கு முனை என்று எழுதுவது பொருத்தமாகவே உள்ளது. பரவளையம் தன் சமச்சீர் அச்சைச் சந்திக்கும் புள்ளி அது. மேலா கீழா என்பது வளைவரை எப்படி வைக்கப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்தது. ஆனால் முனை என்ற சொல்லுக்கும் ஒரு குறை உண்டு. கோட்டுத்துண்டின் இறுதிப் புள்ளிகளையும் முனைகள் என்கிறோம். காந்தத்துக்கும் முனைகள் இருக்கின்றன. பரவளையத்தின் முனை எந்த இறுதியும் அன்று. வளைவரை அதைத் தாண்டி இருபுறமும் ஓடிக்கொண்டே இருக்கிறது.

தலைகீழ் உச்சியின் இன்னோர் எடுத்துக்காட்டு மகப்பேற்று மருத்துவத்தில் உள்ளது. கருவுற்ற பெண்ணின் ஸ்கேன் அறிக்கையில் 'வெர்டெக்ஸ்' என்று எழுதியிருந்தால், குழந்தை தலைகீழாகத் திரும்பி, தாடை மார்போடு ஒட்ட, உச்சந்தலை முன்னே வரும்படி இருக்கிறது என்று பொருள். பெரும்பாலான பிரசவங்களில் குழந்தை இப்படித்தான் வருகிறது. அது நோயின் பெயரன்று. இயல்பான நிலையின் பெயர். அறிக்கையைக் கையில் வாங்கிய குடும்பம் புரியாத சொல்லைக் கண்டு கலங்குவது உண்டு. 'தலை கீழே திரும்பியிருக்கிறது' என்று ஒரு வரி சேர்த்து எழுதினால் அந்தக் கலக்கம் தீரும். பிட்டமோ காலோ முன்னே இருந்தால்தான் மருத்துவர் வேறு வழிகளை எண்ண வேண்டியிருக்கும். பிரெஞ்சு மருத்துவமும் இந்த நிலைக்கு சொமே என்ற சொல்லையே வைத்திருக்கிறது. 1823-இல் புதுச்சேரியில் தொடங்கிய பிரெஞ்சு மருத்துவப் பள்ளியின் வழிவந்ததே இன்றைய ஜிப்மர். அங்கு இப்போது பாடமொழி ஆங்கிலம்.

முனையற்ற வளைவின் நான்கு முனைகள்

பழைய புதுச்சேரி நகரைச் சுற்றி நான்கு சாலைகள் ஓடுகின்றன: கிழக்கே கடற்கரைச் சாலை, தெற்கே சுப்பையா சாலை, மேற்கே அண்ணா சாலை, வடக்கே சர்தார் பட்டேல் சாலை. பழைய மதிலின் தடத்தைப் பின்பற்றும் இந்தப் பூல்வார் வரைபடத்தில் முட்டைபோல் தோன்றும். உள்ளே கட்டம் கட்டமான தெருக்கள், வெளியே வளைவு.

வழுவழுப்பான முட்டை வடிவத்துக்கு முனை ஏது என்று கேட்கலாம். வளைவரைகளின் வடிவவியலில் வெர்டெக்ஸ் என்ற சொல்லுக்கு இன்னொரு பொருள் இருக்கிறது. ஒரு வளைவரையில் வளைவின் அளவு கூடிக்கொண்டே வந்து குறையத் தொடங்கும் இடமும், குறைந்துகொண்டே வந்து கூடத் தொடங்கும் இடமும் வெர்டெக்ஸ் எனப்படும். பூல்வாரில் வண்டி ஓட்டுபவர் ஸ்டியரிங்கை மிக அதிகமாக ஒடித்துவிட்டுத் தளர்த்தத் தொடங்கும் நொடியும், மிகக் குறைவாக வைத்திருந்து மீண்டும் ஒடிக்கத் தொடங்கும் நொடியும் அவை.

கல்கத்தாவைச் சேர்ந்த கணிதவியலாளர் சியாமதாஸ் முகோபாத்யாயா 1909-இல் ஒரு தேற்றத்தை மெய்ப்பித்தார். உட்குழிவு இல்லாத எந்த வழுவழுப்பான மூடிய வளைவரையிலும் இத்தகைய முனைகள் குறைந்தது நான்கு இருக்கும். இரண்டு மட்டும் இருக்கும்படி எவ்வளவு முயன்றாலும் வரைய முடியாது. 1912-இல் அடால்ஃப் க்னேசர், தன்னைத் தானே வெட்டாத எல்லா மூடிய வளைவரைகளுக்கும் இதை விரித்தார். நாற்முனைத் தேற்றம் என்று இதை அழைக்கலாம். பள்ளி நூலில் நீள்வட்டத்தின் முனைகள் என்றால் நெட்டச்சின் இரு நுனிகள் மட்டுமே. இந்த வரையறையில் குற்றச்சின் நுனிகளும் சேர்ந்து நான்காகின்றன. ஒரே வடிவத்துக்கு ஒரே சொல் இரண்டு எண்ணிக்கைகளைத் தருகிறது. இந்தியக் கணிதத்தின் பெருமை பேசும் பள்ளிச் சுவர்களில் முகோபாத்யாயாவின் பெயர் அரிதாகவே காணப்படுகிறது.

வலையமைப்பில் கணு

கோட்டுருவியலில் வெர்டெக்ஸுக்கு வடிவம் கிடையாது. அது ஓர் இணைப்புப் புள்ளி. கணு என்றும் முனை என்றும் தமிழில் எழுதுவர். கரும்பிலும் மூங்கிலிலும் உள்ள கணுவை நினைத்தால் பெயரின் பொருத்தம் விளங்கும். இத்துறை 1736-இல் கோனிக்ஸ்பர்க் நகரின் ஏழு பாலங்களைப் பற்றி ஆய்லர் எழுதிய கட்டுரையில் பிறந்தது. ஒவ்வொரு பாலத்தையும் ஒரே ஒரு முறை கடந்து ஊரைச் சுற்றிவர முடியாது என்று அவர் காட்டினார்.

காரணத்தைப் புதுச்சேரித் தெருக்களிலும் சரிபார்க்கலாம். சந்திகளைக் கணுக்களாகவும் அவற்றுக்கு இடையிலான தெருத்துண்டுகளைக் கோடுகளாகவும் கொள்க. ஒரு கணுவுக்குள் ஒரு தெரு வழியே நுழைபவர் வேறொரு தெரு வழியே வெளியேற வேண்டும். ஆகவே தெருக்கள் இரண்டிரண்டாகச் செலவாகின்றன. தொடங்கும் இடமும் முடியும் இடமும் தவிர மற்றெல்லாக் கணுக்களிலும் தெருக்களின் எண்ணிக்கை இரட்டைப்படையாக இருந்தால்தான் எல்லாத் தெருவையும் ஒரே ஒரு முறை நடந்து முடிக்க முடியும். நாற்சந்திகளில் நான்கு தெருக்கள், அங்கே தடையில்லை. ஆனால் குறுக்கு வீதி ஒவ்வொன்றும் கடற்கரைச் சாலையில் வந்து முடியும் இடம் முச்சந்தி. எதிரே கடல். அங்கே மூன்று தெருக்கள், அதாவது ஒற்றைப்படை. அத்தகைய முச்சந்திகள் இரண்டுக்கு மேல் இருப்பதால், பழைய நகரின் எல்லாத் தெருக்களையும் எதையும் திரும்ப மிதிக்காமல் சுற்றிவருவது இயலாது. பாரம்பரிய நடைப்பயண வழிகாட்டியாலும் முடியாது, தபால்காரராலும் முடியாது. திரும்ப மிதிக்கும் தூரத்தை எப்படிக் குறைப்பது என்ற கேள்வியைச் சீனக் கணிதவியலாளர் குவான் மெய்-கோ 1960-இல் எழுப்பினார். அது சீனத் தபால்காரர் கணக்கு என்றே பெயர் பெற்றது; குப்பை வண்டிகளுக்கு வழி வகுப்பதில் இன்றும் பயன்படுகிறது.

பிற துறைகள்

பழைய வானியல் நூல்களில் வெர்டெக்ஸ் என்றால் தலைக்கு நேர் மேலே உள்ள வான்புள்ளி. தமிழ் உச்சியும் அதே. ஆயினும் சூரியன் நாள்தோறும் உச்சிக்கு வருவதில்லை. புதுச்சேரி ஏறத்தாழ 11 பாகை 56 கலை வட அகலாங்கில் உள்ளதால், ஏப்ரல் 21, 22 வாக்கிலும் ஆகஸ்ட் 21, 22 வாக்கிலும் மட்டுமே சூரியன் தலைக்கு நேர் மேலே நிற்கும். அதுவும் கடிகாரம் பன்னிரண்டைத் தாண்டி ஏறத்தாழப் பத்து நிமிடம் கழித்து. அப்போது நிமிர்ந்த கம்பத்துக்கு நிழல் இராது.

கண்ணாடிக் கடையில் கேட்கும் 'வெர்டெக்ஸ் தூரம்' என்பது கண்ணின் முன்பரப்புக்கும் மூக்குக்கண்ணாடி வில்லையின் பின்பரப்புக்கும் உள்ள இடைவெளி. பொதுவாக 12 முதல் 14 மில்லிமீட்டர். குறைந்த பவருக்கு இது பொருட்டன்று. மைனஸ் 8 பவர் கண்ணாடியை 12 மில்லிமீட்டர் தூரத்தில் அணிபவர், கண்ணோடு ஒட்டும் காண்டாக்ட் லென்சுக்கு மாறினால் ஏறத்தாழ மைனஸ் 7.3 போதும். பழைய சீட்டில் உள்ள எண்ணையே கொடுத்து லென்ஸ் வாங்கினால் பார்வைக்கு மிகுதியான பவர் வந்து சேரும்.

கணினி வரைகலையில் முப்பரிமாண உருவங்கள் சிறு முக்கோணங்களால் ஆனவை. ஒவ்வொரு முக்கோணத்தின் முனையும் இடம், நிறம், ஒளிபடும் திசை ஆகிய தகவல்களைச் சுமக்கும். துகள் இயற்பியலில் மோதலில் பிறந்த துகள்களின் தடங்களைப் பின்னோக்கி நீட்டினால் அவை கூடும் புள்ளிக்கு இதே பெயர். முதன்மைப் புள்ளியிலிருந்து சற்றே விலகி இன்னொரு கூடல் தென்பட்டால், இடையில் குறுகிய ஆயுளுடைய துகள் ஒன்று பிறந்து சிதைந்தது என்று அறிவர். கூம்பின் நுனிக்கு ஆங்கில நூல்கள் பெரும்பாலும் ஏபெக்ஸ் என்ற வேறு சொல்லை வழங்குகின்றன. தமிழில் அதுவும் உச்சியே.